டவுன்லோட்ஸில் தூங்கும் ஆதார் அட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பங்கள் தொடங்கிவிட்டன. எங்களைப் போன்ற ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர்காரர்களுக்கு இனி மதியச் சாப்பாடே நாலு மணிக்குத்தான். அந்த அவசரத்தில் நாங்களும் மறந்துபோகிற, வருகிறவர்களும் கேட்காத ஒரு விஷயம் பற்றி எழுதுகிறேன்: வேலை முடிந்ததும் அவர்கள் கோப்புகளை எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழிப்பது.

மன்னார்குடியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் 17 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். போன வாரம் நடு கம்ப்யூட்டர் ஒரு பக்கம் திறக்கவே மூச்சு வாங்கியது. பார்த்தால் சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். 1,140 கோப்புகள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட். 'ரெஸ்யூம்' என்ற ஒரே பெயரில் அடைப்புக்குறி எண் போட்டு 46 வரை போயிருந்தது. நடுநடுவே இ-ஆதார்.

இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று கேட்கலாம். அது என்ன பாஸ்வேர்டு? பெயரின் முதல் நாலு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில். கூடவே பிறந்த வருடம். அதே ஆளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அதே ஃபோல்டரில் கிடக்கிறது. அதில் பெயரும் இருக்கிறது, பிறந்த தேதியும் இருக்கிறது. பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து ஆணியில் மாட்டிய கதைதான். பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. சொன்னதைக் கேட்டது யார்? நானே கேட்கவில்லை.

இதில் எனக்குப் பழைய சூடு ஒன்று உண்டு. பத்து வருடம் இருக்கும். ஒரு எம்.பில். மாணவி மெயிலில் வந்த கோப்பை அப்படியே 'ஓப்பன் வித்' கொடுத்துத் திறந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்தினார். சேவ் பண்ணிக்கொண்டேதான் இருந்தார், பாவம். ஆனால் அப்படித் திறந்தால் அந்தக் காலத்து பிரவுசரில் கோப்பு போய் உட்கார்வது, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரில். அவர் நாளைக்கு வந்து பிரிண்ட் எடுக்கிறேன் என்று கிளம்பினார். நான் ராத்திரி கடை சாத்துமுன் டெம்ப்பை மொத்தமாகத் துடைத்தேன், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். மறுநாள் ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுத் தேடியதில் கோப்பின் பெயர் மட்டும் கிடைத்தது. திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக. அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பயந்தே அப்புறம் எதையும் அழிக்காமல் விட்டேன். விளைவு, மேலே சொன்ன 1,140.

டெம்ப் என்றால் தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸில் அப்படி இல்லை. எந்த மென்பொருள் கோப்பை உண்டாக்கியதோ அதுவே வேலை முடிந்ததும் அழித்துவிட்டுப் போக வேண்டும். நடுவில் கரண்ட் போனாலோ புரோகிராம் தொங்கினாலோ அது அங்கேயே கிடக்கும். ஷட்டவுன் பண்ணினாலும் போகாது. (விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் சங்கதி வேறு. அரசு லேப்டாப்பில் வந்த பாஸ் (BOSS) லினக்ஸில் டெம்ப்பில் வைத்ததை ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு தேடி அழுத பையன்களையும் பார்த்திருக்கிறேன்.) 2022-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் வழக்கத்தை மாற்றியது, சும்மா திறந்து பார்க்கிற கோப்பும் இப்போது டவுன்லோட்ஸுக்கே வருகிறது. எம்.பில். மாணவிக்கு நேர்ந்தது இனி நேராது, நல்லதுதான். ஆனால் ஒரு பிரிண்டுக்காக ஒரு நிமிஷம் திறந்த ஆதாரும் அங்கேயே தங்கிவிடுகிறது.

சக கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். விண்டோஸ் செட்டிங்ஸில், வேண்டாத கோப்புகளைத் தானே அழிக்கிற ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று 2017-இலிருந்து இருக்கிறது. டவுன்லோட்ஸ் விஷயத்தில் அது தானாக எதையும் தொடாது, நாம்தான் மாற்ற வேண்டும். தினமும் ஓடும்படி வைத்து, ஒரு நாள் திறக்காமல் கிடந்தால் அழி என்று கொடுத்தேன். டெம்ப்பை மட்டும் கையால் பார்க்கிறேன்: விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, டெம்ப் என்று ஆங்கிலத்தில் இருபுறமும் சதவீதக் குறி போட்டு (%temp%) அடித்தால் திறக்கும். சில கோப்புகள் உபயோகத்தில் இருக்கிறது என்று அடம்பிடிக்கும், ஸ்கிப் கொடுத்துவிட்டு மற்றதை ஷிஃப்டோடு டெலீட். ஸ்கேனர் தனியாக ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும், அதையும் மறக்கக் கூடாது. முன்னதாக ஒரு தடவை, யாராவது பாதியில் விட்டுப்போன வேலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வருகிறவர்களும் எழுந்து போகுமுன் "அண்ணே, என் ஃபைலை அழிச்சிட்டீங்களா" என்று கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது.

ஆனால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தையும் துடைத்த மறுநாளே ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, போன மாசம் என் பேத்தி மார்க் ஷீட்டு ஸ்கேன் பண்ணினோமே, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? அதை நம்பித்தான் ஒரிஜினலை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்." இல்லை என்றேன். திருமக்கோட்டை பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தார். மறுபடி ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் கிளம்பியதும் அதையும் அழித்தேன்.

இப்படிக்கு,
ஒரு பிரவுசிங் சென்டர்காரர்,
மன்னார்குடி.