பேக்கர் சார் நினைப்பு

மக்களே,

நீ அனுப்பின வீட்டு பிளானை அம்மாவும் நானும் பார்த்தோம். கோடு ஒவ்வொண்ணும் சுத்தமா இருக்கு. கொத்தனார் மகன் போட்டதுன்னு சித்தப்பாகிட்ட காட்டினேன். ஆனா அதுக்குப் பிறகு உன் போனே இல்ல. அம்மா ராத்திரி போனைத் தலைமாட்டிலேயே வச்சுக்கிட்டுப் படுக்குறா.

பிளானைப் பார்த்ததுல இருந்து எனக்கு லாரி பேக்கர் சார் நினைப்புதான். பர்மிங்காம்ல பிறந்து, 2007 ஏப்ரல்ல திருவனந்தபுரத்துல கண்ணை மூடினப்போ அவருக்கு வயசு 90. ஆர்க்கிடெக்ட் படிச்சவர், யுத்த காலத்துல சீனாவுக்குத் தொண்டரா போய் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செஞ்சார். திரும்புற வழியில பம்பாயில காந்தியைப் பார்த்தார். அஞ்சு மைல் சுற்றளவுல கிடைக்கிற பொருளை வச்சே வீடு கட்டணும்னு காந்தி சொன்னதை சாகுற வரைக்கும் விடல. டாக்டர் மனைவியோட இமயமலைப் பக்கம் பித்தோராகட்ல ஆஸ்பத்திரி கட்டி நடத்தினார். மலைச்சனங்க கல்லும் மண்ணும் வச்சுக் கட்டுறதைப் பார்த்து அங்கேதான் தொழிலை மறுபடி படிச்சார். இந்த நாட்டுக் குடியுரிமை கிடைச்சதே 1989-லதான்.

பிறகு நம்ம பக்கத்துக்கு வந்தார். திருவனந்தபுரத்துல உள்ளூர்ங்கிற இடத்துல அவர் கட்டின சி.டி.எஸ். ஆராய்ச்சி நிலையக் கட்டடத்தை நீயும் பார்த்திருக்க. செங்கல்லைப் படுக்க வைக்காம குத்தா நிறுத்தி, நடுவுல பொள்ளல் விட்டு எழுப்புற எலிப்பொறிக் கட்டு. நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம், வீட்டுக்குள்ள சூடும் குறைவு. கூரைத் தளத்துல கம்பிக்கு நடுவுல பழைய ஓடுகளை அடுக்கி வார்ப்பார். அடிப்பக்கத்துக் கான்கிரீட் பாரம் தாங்குறதில்ல, அங்க எதுக்குச் சிமெண்ட்? மரம் நின்னா சுவரை வளைப்பார், மரத்தை வெட்ட மாட்டார். பழைய கவர் முதுகுலதான் படம் வரைவார். ஏழைக்கும் அதே கவனம். கொத்தனாருங்களுக்குப் பழக்கிக் கொடுக்க 1985-ல கேரள முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் கூடச் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டுங்கிற அமைப்பை ஆரம்பிச்சார்.

நீ பலா மரத்தை வெட்டி கார் நிறுத்த இடம் போட்டிருக்க. வேண்டாம் மக்களே. பழைய ஓடுகளையும் உடைக்கச் சொல்லாத, தளத்துக்கு ஆகும். மார்பிள் வேண்டாம். மாடி இப்போ வேண்டாம். கடன் வாங்கித்தான் கட்டணும்னா ஒண்ணுமே வேண்டாம். ஊரு பார்க்கட்டும்னு வீடு கட்டாத. உன் அளவுக்கு இந்தத் தெருவுல யாரும் படிக்கல, அது ஊருக்கே தெரியும். ஆனா இவ்வளவு படிச்சவனுக்கு, பெத்தவளை ஒரு வார்த்தை கூப்பிடணும்னு தோணாதா?

உன் கூட்டுக்காரனோட அப்பாவைச் சந்தையில பார்த்தேன். அங்க கம்பெனிகள்ல ஆள் குறைக்கிறாங்கன்னார். நான் மேற்கொண்டு கேட்கல. அம்மாகிட்டயும் சொல்லல.

பேங்க் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட்டுடாத. போட்டுட்டா அதையும் சொல்லு, சேர்ந்து பார்த்துக்கலாம். ஊருக்கு வந்து இருக்கணும்னு தோணினா காரணம் சொல்ல வேண்டாம், டிக்கெட் போட்டுக்கிட்டு வா. மேற்கு அறையில மழைக்கு ஒழுகின இடத்தை ஓடு மாத்தியாச்சு. கடன் வேண்டாம் மக்களே, திரும்பச் சொல்றேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அம்மாவைக் கூப்பிடு. என்கிட்ட பிறகு பேசினா போதும்.

அப்பா