வெள்ளச்சியின் குளம்பைக் காத்தவர்களுக்கு நன்றி

மருத்துவருக்கும், லாடக்காரருக்கும், நொச்சிக்குப்பம் மீன் வியாபாரிகளுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் குதிரை வெள்ளச்சி வலி மருந்து எதுவும் இல்லாமல் மணலில் 30 நிமிடம் நடந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. யார் யார் என்ன செய்ததால் இது நடந்தது என்பதைச் சரியாக எழுதி வைக்க விரும்புகிறோம். நன்றி சொல்வதற்காக மட்டும் அல்ல, கடற்கரையில் குதிரை வளர்க்கும் மற்றவர்களுக்கு நாளை இது தேவைப்படலாம் என்பதற்காகவும்.

அப்போது ஓர் இரவில் தீவன மூட்டையைப் பிரித்து, உடைத்த மக்காச்சோளத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டாள். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதன் விளைவாகக் குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிடி தளரும். இதுதான் லாமினைட்டிஸ். பிடி விட்டால் உடல் எடை கீழே அழுத்த, தசைநாண் பின்னால் இழுக்க, எலும்பின் முனை குளம்படியை நோக்கித் திரும்பும். திரும்பியதை முழுதாக மீட்பது கடினம். மேலும் திரும்பாமல் நிறுத்துவதே வேலை.

மருத்துவர் அன்று காலையே வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் (மலமிளக்கும் எண்ணெய்) கொடுத்தார். வயிறு அடங்கியதைப் பார்த்து நாங்கள் நிம்மதியானோம். அவர் ஆகவில்லை. தீவனம் அளவுக்கு மிஞ்சினால் கால் வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லி, கணுவுக்குப் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நலமான காலில் அது மெல்லியதாக, தேடித்தான் கிடைக்கும். மறுநாள் மாலை அது விரலை முட்டித் தள்ளியது. குளம்பு சுட்டது. முன்கால்களை நீட்டி, எடையைப் பின்கால்களுக்குத் தள்ளி நின்றாள்.

அந்த இரவு ஐஸ் கொடுத்த மீன்காரர்களை எங்களால் மறக்க முடியாது. குளம்பின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும், 72 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. ஐந்து லிட்டர் குளுக்கோஸ் பையின் ஒரு முனையை வெட்டி, குளம்பை அதற்குள் விட்டு, கணுக்காலுக்கு மேல்வரை ஏற்றி, உடைத்த ஐஸும் தண்ணீரும் சேர்த்து நிரப்பினோம். வெறும் ஐஸ் கட்டி போதாது. கட்டிகளுக்கு இடையே காற்று நிற்கும், குளிர்ச்சி குளம்பில் ஒட்டாது. தண்ணீர் கலந்தால்தான் எல்லாப் பக்கமும் பிடிக்கும். சென்னை வெயிலில் மணிக்கு ஒரு முறை நிரப்ப வேண்டியிருந்தது. மூன்று நாளும் இரவு இரண்டு மணிக்குக்கூட ஐஸ் பார் உடைத்துக் கொடுத்தீர்கள். நோவு தொடங்குமுன்பே ஐஸ் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்து யாருக்காவது குதிரை தீவன மூட்டையில் வாய் வைத்தால், நொண்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிப் போகலாமா என்று கேட்டபோது, லாரியில் நின்று ஆடிக்கொண்டே போனால் அந்த அடுக்குகள் மேலும் கிழியும் என்று தடுத்து, எக்ஸ்ரே கருவியை இங்கேயே கொண்டுவந்தார் மருத்துவர். வலது முன்காலில் எலும்பு 4 டிகிரி திரும்பியிருந்தது. அந்தப் படம் இல்லாமல் லாடக்காரர் எதையும் வெட்ட மாட்டேன் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்குத் தனியாக நன்றி.

அவர் லாடம் கழற்றிய விதத்தை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். சுத்தியல் கிட்டவே வரவில்லை. மடிந்திருந்த ஆணி முனைகளை அரத்தால் தேய்த்துவிட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒரு காலைத் தூக்கினால் எடை முழுவதும் நோகும் மறு காலுக்குப் போகும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் தூக்கவில்லை. குளம்பின் முன்முனையைப் பின்னுக்குக் குறைத்தார், குளம்படியைச் சீவவே இல்லை. மெலிந்துபோன அடிதான் எலும்புக்குக் கீழே மிச்சமிருக்கும் ஒரே காப்பு.

குளம்பின் பின்பாதியைத் தாங்க முதலில் மீன் பெட்டித் தெர்மாகோலை வெட்டி ஒட்டினோம். ஒரு மணி நேரத்தில் பொடியாகிவிட்டது. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கப் போடும் கெட்டியான 5 செ.மீ. ஃபோம் பலகையைக் கட்டட மேஸ்திரி தந்தார். அது எடையில் நசுங்கிக் குளம்பின் வடிவத்துக்கே அமைந்துவிடும். நசுங்கியதன் மேல் இன்னொன்றை வைத்து டேப் சுற்றினோம். இரவில் அவள் முதல் முறையாகக் கால் மாற்றாமல் நின்றது அதன் பிறகுதான்.

தச்சர் தந்த மரச்சீவலை 15 செ.மீ. கனத்துக்குப் பரப்பினோம். பிளைவுட் தூள் கலக்காமல் பிரித்துக் கொடுத்தார். மெத்தை கனமாக இருந்தால்தான் படுப்பாள், படுத்தால்தான் கால் ஓயும்.

தெருக்காரர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வெல்லம், பிஸ்கட், கொள்ளுக் கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள். மெலிந்த குதிரையைப் பார்த்துக்கொண்டு அப்படி இருப்பது எளிதல்ல. குழந்தைகள்கூடக் கேட்டார்கள். 320 கிலோ எடைக்கு ஒன்றரை சதவீதம் என்று கணக்கிட்டு, நாளுக்கு 4.8 கிலோ உலர்ந்த புல், தராசில் நிறுத்து நான்கு வேளையாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் புல்லில் உள்ள சர்க்கரை கொஞ்சம் தண்ணீரோடு போகும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் புளிக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குடிக்க விடக்கூடாது. அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. உடல் கொழுப்பு ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைக் கெடுக்கும்.

மெடிக்கல்காரருக்கும் ஒரு நன்றி. வலி தாங்காமல் துடிக்கிறாள் என்று எங்களில் ஒருவர் டைக்ளோஃபினாக் ஊசி கேட்டபோது அவர் தரவில்லை. கால்நடைக்கு அது 2006 முதல் தடை. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன, நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். மருத்துவர் ஏற்கெனவே ஒரு வலி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதே வகையில் இரண்டாவது சேர்ந்திருந்தால் குடலும் சிறுநீரகமும் புண்ணாகியிருக்கும்.

"நடக்க விட்டால் ரத்தம் ஓடும்" என்ற பெரியவர்களின் அக்கறைக்கும் தலைவணங்குகிறோம். ஆனால் இந்த நோவில் தொடக்கத்தில் நடத்துவது, கழன்றுகொண்டிருக்கும் அடுக்கை நம் கையாலேயே பிய்ப்பது போன்றது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஏழாம் வாரம் திடீரென்று மறுபடி நொண்டினாள். எலும்பு இன்னும் திரும்பிவிட்டது என்றே பயந்தோம். படம் மாறவில்லை. செத்த அடுக்குகளுக்குள் சீழ் கட்டியிருந்தது, லாமினைட்டிஸுக்குப் பிறகு இது அடிக்கடி வருவதுதான். மருத்துவர் சிறு துளையிட்டுச் சீழை இறக்கி, டெட்டனஸ் ஊசியும் போட்டார். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், குளம்புப் புண் அதற்கு வாசல். வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, குழந்தை டயப்பரைக் குளம்பில் சுற்றி, மேலே டேப் ஒட்டிக் கட்டினோம். டயப்பர் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அம்மா, அது வேறெந்தத் துணியையும்விட நன்றாக உழைத்தது.

பதினான்காம் வாரம் மென்மணலில் ஐந்து நிமிடத்தில் நடை தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து நிமிடம்தான் கூட்டினோம். நேர்க்கோட்டில் மட்டும், திருப்பும்போது பெரிய வட்டமாக. நடைக்கு முன்னும் பின்னும் நாடி பார்த்தோம். பலமாக அடித்தால் அன்றைக்கு ஓய்வு.

குளம்பு மாதத்துக்கு 8 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். இதுவரை மேலிருந்து சுமார் 4 செ.மீ. புதுக்குளம்பு இறங்கியிருக்கிறது. முழுதாக மாற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதுவரை முதுகில் யாரும் ஏறமாட்டார்கள். சவாரிக்குக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவன டிரம்முக்கு இரும்பு மூடியும் இரட்டைக் கொக்கியும் பற்றவைத்துத் தந்து, காசு வாங்க மறுத்த வெல்டர் அண்ணனுக்கும் நன்றி. குதிரை உதட்டால் தள்ளினால் திறக்காத கொக்கி அது. மற்ற லாயங்களுக்கும் அதே அளவில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வெள்ளச்சியைப் பராமரிப்பவர்கள்