சொற்பொழிவு முடிந்ததும் விளக்கை அணைத்துவிடாதீர்கள்

வளர்ந்தோருக்கான குறுகிய காலப் படிப்புகளையும் பொதுச் சொற்பொழிவுகளையும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். வேலை, குடும்பம் என்று ஓடி, படிப்பை விட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டவர்கள் நாங்கள். மதிப்பெண் பட்டியல் கேட்காமல் எங்களுக்கும் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன்: மொத்த நேரத்தில் பாதியை எங்கள் கேள்விகளுக்கு விடுங்கள்.

மாலை நேர வானியல் படிப்பு ஒன்றில் ஆறு வாரத்துக்குச் சேர்ந்தேன். பாடம் எடுத்தவர் அருமையாகப் பேசினார். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் கேள்விக்குக் கிடைத்தது கடைசி ஐந்து நிமிடம். மூன்றாவது வாரம், விண்மீன்களின் ஒளி நம்மை வந்துசேர எத்தனையோ ஆண்டுகள் ஆகும் என்றார். அப்படியானால் நான் பார்க்கும் விண்மீன் இப்போது இருக்கிறதா இல்லையா? கை தூக்கினேன். நேரம் முடிந்தது என்றார்கள், விளக்குகளையும் அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். படியிறங்கும்போது பார்த்தால், இன்னும் நான்கு பேருக்கு அதே சந்தேகம். அங்கேயே நின்று முக்கால் மணி நேரம் பேசினோம். அன்றைக்கு எனக்கு வகுப்பு நடந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

(விடையை அப்புறம் நானே தேடிப் படித்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருப்பவை, அதாவது அவற்றின் ஒளி நம்மை வந்துசேர அதிகம் போனால் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகும். அவற்றின் ஆயுளோ பல லட்சம், பல கோடி ஆண்டுகள். அதனால் ஏறக்குறைய எல்லாமே இப்போதும் இருக்கும். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.)

இது புதிய கோரிக்கையும் இல்லை. 1860களில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற இளம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றிவந்தார். ஒரு நாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், பாடப் படங்களை அடுத்த வாரம் வரை சுவரிலேயே தொங்கவிடச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது, அந்தப் படங்களைப் பார்த்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள் விவாதித்து, கேள்விகளோடு காத்திருந்தார்கள். சொற்பொழிவுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து கேட்டார்கள். அது மிகவும் பயன்பட்டதால், அந்த அரை மணி நேரத்தை அவர் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார். பேச்சையும் கேள்வி வகுப்பையும் சேர்த்த அந்த முறையைத்தான் 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஏற்று, ஊர் ஊராக வெளிவகுப்புகள் நடத்தத் தொடங்கியது.

கேள்வி நேரம் கொடுத்தால் ஒரே ஆள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்வார் என்பீர்கள். நடக்கிறதுதான், நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. பேச்சு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் பேசவிடுங்கள், பிறகு கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வயதான காலத்தில் "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பார்களோ என்று கூசி வாய் திறக்காதவர்கள் எங்களில் நிறையப் பேர். சீட்டு என்றால் அவர்களும் கேட்பார்கள். நேரமில்லாமல் மிஞ்சும் சீட்டுகளுக்கு அடுத்த வாரத் தொடக்கத்தில் பதில் சொல்லலாம்.

பாடத்தின் அளவு குறையுமே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். குறையட்டும். நாங்கள் தேர்வு எழுதப் போவதில்லை. பத்துத் தலைப்புகளைக் காதில் வாங்கிக்கொண்டு போவதைவிட, நான்கைப் புரிந்துகொண்டு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிவதுதான் எங்களுக்கு வேண்டும்.

அடுத்த அறிவிப்பில் "சொற்பொழிவு 45 நிமிடம், கேள்விகள் 45 நிமிடம்" என்று போட்டுப் பாருங்கள். அரங்கைப் பூட்டுபவரிடமும் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். நாற்காலிகளை நாங்களே அடுக்கி வைத்துவிட்டுப் போகிறோம்.

அன்புடன்,
மாலை வகுப்பு மாணவர் ஒருவர்