அடி நமுத்துப்போகாத ஆப்பிள் தார்த்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். மௌனத்துக்கான வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை உன் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நீ சுட்ட பிரெஞ்சு ஆப்பிள் தார்த்தின் படம் பார்த்தேன். மேலே ஆப்பிளை அடுக்கியதில் குறையே இல்லை. உனக்குக் கோலம் போட்ட கை. ஆனால் வெட்டிய துண்டின் அடி நமுத்து, வெளிறி, பிய்ந்து நிற்கிறது. உடனே உன் ஓவனைக் குறை சொல்லிவிட்டாய். பாவம், அது என்ன செய்யும்! ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். 600 கிராம் ஆப்பிளை அடுக்கினால் அரை லிட்டர் தண்ணீரை மாவின் மேல் வைத்த கணக்கு. அமெரிக்க ஆப்பிள் பை (pie) மாதிரி இதற்கு மேல்மூடி கிடையாது. இருப்பது அடி ஒன்றுதான், அது மொறுமொறுப்பாக இல்லாவிட்டால் தார்த் ஓ பொம் (ஆப்பிள் தார்த்) என்ற பெயருக்கே அர்த்தமில்லை. ஒவ்வொரு படியிலும் தண்ணீரை எங்கே நிறுத்துகிறோம் என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

முதலில் வெண்ணெய். நீ வீட்டில் கடைந்த வெண்ணெய் போட்டதாக எழுதியிருந்தாய். அது தோசைக்கு அமிர்தம், இதற்கு ஆகாது. அதில் மோரும் நீரும் அதிகம். மாவு இழுபட்டுத் தோல் மாதிரி ஆகிவிடும். நெய்யும் வேண்டாம், உன் ஊர் வெயிலில் உருகி ஓடிவிடும். கடையில் உப்பில்லாத வெண்ணெய்க் கட்டி வாங்கு.

24 செ.மீ. டின்னுக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், ஐஸ் தண்ணீர் 45 மில்லி. மைதாவையும் கிண்ணத்தையும்கூட அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வை. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி விரல் நுனியால் மட்டும் தேய், உள்ளங்கை சூடு படக் கூடாது. கரகரப்பான ரவை மாதிரி வந்ததும் நிறுத்து. பட்டாணி அளவுக்கு நாலைந்து கட்டிகள் கிடந்தால் இன்னும் நல்லது. தண்ணீரைத் தெளித்துச் சேர்த்துப் பிடி. சப்பாத்தி மாவு பிசைகிற பழக்கத்தை அன்று ஒருநாள் மறந்துவிடு. பிசையப் பிசைய மாவிலுள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம் இறுகும். இறுகிய மாவு ஓவனில் சுருங்கி, ஓரம் டின்னுக்குள் சரியும். உன் படத்தில் இடது பக்கம் ஓரம் சரிந்ததற்குக் காரணம் அதுதான்.

மாவைத் தட்டையாகத் தட்டி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் விடு. பிறகு 3 மி.மீ. கனத்துக்கு உருட்டி, இழுக்காமல் டின்னில் இறக்கி, மூலையில் மெதுவாக அழுத்து. மறுபடி அரைமணி ஃபிரிட்ஜ். இந்த இரண்டாவது ஓய்வைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி முக்கியமான படி, நீ தாண்டிப் போன படி: அடியைத் தனியாகச் சுட வேண்டும். முள்கரண்டியால் குத்தி, மேலே பேக்கிங் பேப்பர் விரித்து, கொண்டைக்கடலையை விளிம்பு வரை நிரப்பு. 190 டிகிரியில் 15 நிமிடம். பேப்பரையும் கடலையையும் எடுத்துவிட்டு, நடுப்பகுதி உலர்ந்து லேசாகப் பொன்னிறம் வரும்வரை இன்னும் 8, 10 நிமிடம். சூடாக இருக்கும்போதே முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகப் பூசி இரண்டு நிமிடம் உள்ளே வை. அது வெந்து படலமாகி, குத்திய ஓட்டைகளை அடைத்துவிடும்.

அடுத்தது கொம்போத், அதாவது குழைய வேகவைத்த ஆப்பிள் கூழ். அதை மாவில் பரப்பி, அதன்மேல் வில்லைகளை அடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வழி மாறும். வேகவைக்காத ஆப்பிளை நேராக மாவில் அடுக்குபவர்களும் உண்டு. என் கட்சி கொம்போத் கட்சி. ஆப்பிள் 500 கிராம், வெண்ணெய் ஒரு ஸ்பூன், சர்க்கரை 30 கிராம், அரை வனிலாக் காய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மூடி வைத்துக் குழைய விடு. பிறகு மூடியைத் திறந்து வற்ற வை. கரண்டியால் பாத்திரத்தின் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். முழுக்க ஆறிய பிறகே மாவில் பரப்பு; சூட்டோடு கொட்டினால் இத்தனை நேரம் பட்ட பாடும் வீண்.

பட்டை வேண்டாம், வசந்தி. ஏலக்காயும் வேண்டாம். உன் கை டப்பா பக்கம் போகும் என்று தெரிந்தே சொல்கிறேன். இதில் வெண்ணெயும் ஆப்பிளும்தான் பேச வேண்டும்.

ஆப்பிள் எது? இங்கே சந்தையில் ரேன் தே ரேனெத், போஸ்கூப் என்று கேட்டு வாங்குவார்கள். அங்கே நீ வாங்கும் சிவப்பு டெலிஷியஸ் கடித்துத் தின்னத்தான் லாயக்கு. புளிப்புக் குறைவு, சூடு பட்டால் மாவு மாவாகிவிடும். மேலே அடுக்கப் பச்சை கிரானி ஸ்மித் வாங்கு. கொம்போத்துக்கு மஞ்சள் கோல்டன் டெலிஷியஸ் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார். ஹிமாச்சல் தோட்டங்களில் சிவப்பு மரங்களின் மகரந்தத்துக்காக அதை ஊடே நடுகிறார்கள், சீசனில் சந்தைக்கும் வரும்.

அடுக்குவதற்கு 500 கிராம் போதும். தோல் சீவி, 2, 3 மி.மீ. வில்லைகளாக நறுக்கி, வெளிவட்டத்தில் தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி நெருக்கமாக வை, வெந்ததும் சுருங்கும். உருக்கிய வெண்ணெய் 20 கிராம், சர்க்கரை ஒரு ஸ்பூன் மேலே. உன் ஓடிஜி ஓவனை 20 நிமிடம் முன்சூடு செய்து, கீழ்த்தட்டில் 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். வில்லைகளின் விளிம்பு நன்றாகச் சிவந்து, அங்கங்கே கறுக்கத் தொடங்க வேண்டும். அந்த நிறத்தைக் கண்டு பயந்து முன்னாலேயே எடுத்துவிடாதே. மேலே மட்டும் வேகமாகக் கறுத்தால் மேல்கம்பியை அணைத்துவிட்டுக் கீழ்க்கம்பியில் முடி.

வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் டின் வளையத்தைக் கழற்றிக் கம்பித்தட்டில் ஏற்று. டின்னிலேயே விட்டால் நீராவி அடியில் வியர்த்து மறுபடி நமுத்துவிடும். இரண்டு ஸ்பூன் ஆப்ரிகாட் ஜாமை ஒரு ஸ்பூன் தண்ணீரோடு சூடாக்கி, வடிகட்டி, பிரஷ்ஷால் பூசு. ஓட்டலில் பார்த்த பளபளப்பு அதுதான்.

தார்த் தாத்தாங் பற்றிக் கேட்டிருந்தாய். லமோத்-பெவ்ரோன் ஊரில் ஓட்டல் நடத்திய தாத்தாங் சகோதரிகளின் பெயரில் வந்தது. கைதவறி உருவானது என்ற கதையை நான் நம்புவதில்லை. சர்க்கரைப் பாகில் ஆப்பிள் கீழே, மாவு மேலே இருந்து வேகும், பிறகு கவிழ்ப்பார்கள். அதனால் அங்கே இந்த அடித் தொல்லை குறைவு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

சரோஜா விஷயம் படித்து இரண்டு நாள் மனசே சரியில்லை. சிகிச்சையில் வாய் கசந்து எதுவும் இறங்கவில்லை என்றாயே, இந்தக் கொம்போத்தையே அவளுக்குச் செய்து கொடேன். வெண்ணெயும் சர்க்கரையும் இல்லாமல், கோல்டன் ஆப்பிளும் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் மட்டும். இங்கே சின்னக் குழந்தைகளுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். எலுமிச்சை சேர்க்காதே, வாயில் புண் இருந்தால் எரியும். நான் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவாளா? எந்த நேரம் என்று எழுது.

சனிக்கிழமைக்கு: வியாழன் இரவே மாவைச் சேர்த்துப் பிடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், கொம்போத்தும் அன்றே. மத்தியானம் மூன்று மணிக்குச் சுட்டால் ஏழு மணிக்குச் சரியாக இருக்கும். வெட்டும்வரை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதே. எட்டுத் துண்டு வரும். மணி வருகிறான் என்றால் இரண்டு தார்த்தாகப் போடு.

அன்புடன்,
மீனா