இந்த வருஷம் டீச்சர்களை உட்கார வைத்தோம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆசிரியர் தினத்துக்கு டீச்சரான நீயே பலூன் ஊதி, நீயே தோரணம் கட்டி, கடைசியில் நீயே மேடையேறிப் பரிசும் வாங்கிக்கொண்டதாகப் போனில் சொன்னாயே, அம்மாவும் நானும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனோம். லைன் விட்டு விட்டுக் கேட்டதால் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், சரவாக்கில் அந்தக் கப்பிட்டில் லைன் கிடைக்கும்போது படித்துக்கொள்.

சுங்கை சிப்புட்டில் நம் தோட்டத்துப் பள்ளியிலும் இத்தனை வருஷமாக இதே கதைதான். முதல் நாள் இருட்டும் வரைக்கும் டீச்சர்கள் மண்டபத்தில் காகிதப் பூ ஒட்டுவார்கள், மறுநாள் அறிவிப்பாளர் ஒரு டீச்சர், போட்டோ எடுக்க ஒரு சார், மீகூன் (அரிசி சேமியா) பரிமாற இன்னொருவர், எல்லாம் முடிந்ததும் நாற்காலி அடுக்குவதும் அவர்கள்தான். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தவரையே பாத்திரம் கழுவச் சொல்கிற மாதிரி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இந்த வருஷம் டீச்சர்கள் எதையும் தொடக்கூடாது, நாம் பார்த்துக்கொள்வோம் என்றேன். 'பிள்ளைகளை யார் அடக்குவது?' என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் அப்போது யாரிடமும் இல்லை.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அன்றாடக் கூலி, ஒரு நாள் லீவு போட்டால் அந்தச் சம்பளம் போச்சு. அதனால் வந்தவர்கள் பாட்டிமார்கள், ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த அம்மாக்கள், அப்புறம் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள். செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒரு தம்பி அறிவிப்பாளர் ஆனார், மைக்கே தேவைப்படவில்லை! கல்வித் துறையிலிருந்து வந்த உரையையும் ஓர் அம்மாதான் வாசித்தார். ஆசிரியர் உறுதிமொழியையும் ஆசிரியர் பாட்டையும் மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டோம், அதை நாங்கள் பாடினால் நன்றாகவா இருக்கும்? பிரமுகர் யாரையும் கூப்பிடவில்லை. வெயிலில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒருத்தருக்காகக் காத்திருக்கும் வழக்கம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

அப்புறம்தான் விஷயமே. டீச்சர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் வகுப்பில் யாராவது இருக்க வேண்டுமே? ஆளுக்கு ஒரு வகுப்பாகப் பிரித்துக்கொண்டோம், எனக்கு இரண்டாம் ஆண்டு. பாப்பா, அந்த ஒரு மணி நேரத்தை என்னவென்று சொல்ல! ஒருத்தன் பென்சில் சீவப் போனால் பின்னாலேயே வரிசை நிற்கிறது, ஒருத்தி கழிவறைக்குக் கேட்டால் உடனே நாலு பேருக்கு அவசரம் வந்துவிடுகிறது, மூலையில் ஒரு பையன் சத்தமே இல்லாமல் அழுகிறான், என்ன என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. லோரி ஓட்டிய காலத்தில்கூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளைதான், 'டீச்சர் அவனை ஜன்னல் பக்கம் உட்கார வைப்பாங்க தாத்தா' என்றாள். இடம் மாற்றினேன், அழுகை நின்றுவிட்டது. அந்த டீச்சருக்கு இப்படி எத்தனை பிள்ளைகளைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மலேசியாவில் ஆசிரியர் தினம் ஏன் மே 16 என்றும் ஒருத்தன் கேட்டான். 1956இல் அதே தேதியில்தான் அன்றைய கல்வி அமைச்சர் ரசாக்கின் கல்வி அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது, தமிழ்ப்பள்ளிக்கும் நாட்டின் கல்வி அமைப்பில் இடம் கிடைத்தது, 1972இலிருந்து அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம் என்றேன். அதற்கு முன்னால் எப்படி என்றான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் இருந்தது, ஆனால் பல தோட்டங்களில் கிராணியே (கணக்குப்பிள்ளையே) வாத்தியார் என்றேன். பாப்பா, உன் தாத்தா படித்ததும் அப்படித்தான், கணக்கு எழுதி முடித்த கையோடு வந்து பாடம் சொல்வாராம். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்ட பையன் பென்சில் சீவப் போய்விட்டான்.

பரிசு வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே வீடுகளுக்குச் சொல்லிவிட்டோம். குவளை வாங்கக் காசில்லாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுகிறது, அதனால்தான். அப்படியும் ஒரு பாட்டி முருங்கைக்கீரை கொண்டுவந்தார், தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். உனக்கும் அந்தப் பிள்ளைகள் மிடின் கீரைக் கட்டு கொண்டுவருகிறார்கள் என்றாய், சங்கடப்படாமல் வாங்கிக்கொள். யாராவது பணம் வைத்த கவர் கொடுத்தால் மட்டும் தொடாதே. காவாய் அறுவடைத் திருநாளுக்கு, பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அவர்கள் நீள்வீட்டுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போ, அந்தப் பெற்றோரைப் பார்க்க அதைவிட நல்ல சமயம் உனக்குக் கிடைக்காது.

நீ தமிழ் எடுத்திருந்தால் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கும் என்று அம்மா இன்னும் புலம்புகிறாள். நீ ஆங்கிலம் எடுத்தாய், சரவாக்குக்குப் போட்டார்கள், சரி, அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு டீச்சர் வேண்டும்தானே.

அடுத்த வருஷத்துக்கு ஒன்று செய்து பார். உங்கள் பள்ளிப் பெற்றோர் படகில் வர வேண்டியவர்கள், மே மாதம் திடீரென்று கூப்பிட்டால் வர மாட்டார்கள். வருஷ ஆரம்பத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு எல்லாரும் வரும்போதே பேசி வைத்துவிடு. நீயே கேட்டால் கூச்சமாக இருக்கும், விடுதி வார்டனை விட்டுக் கேட்கச் சொல்.

எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். வந்ததும் மெசேஜ் போடு.

அப்பா