ஸ்பேம் பெட்டியில் கிடக்கும் சுற்றறிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பரவலாக்கப்பட்ட இணையத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடுவில் முதலாளி இல்லாத தொழில்நுட்பம் வந்துவிட்டது, பெருநிறுவனங்களின் கொட்டம் இனி அடங்கிவிடும் என்று எழுதியவர் அடித்துச் சொல்கிறார். தொலைபேசி நிலையத்தில் 34 வருடம் கம்பிகளோடு கிடந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கொஞ்சம் நீளும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் 46 பேர். மாதம் ஒரு சுற்றறிக்கை போகும்: பஞ்சப்படி எவ்வளவு ஏறியது, மருத்துவ பில் எந்த மேசையில் தூங்குகிறது, யார் காலமானார். கொரோனா சமயத்தில் தபாலில் அனுப்ப முடியாமல் போகவே, வீட்டில் தூசு படிந்து கிடந்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, சொந்தமாக ஒரு மெயில் சர்வர், அதாவது மின்னஞ்சலுக்கென்று ஒரு தபால் நிலையம், அமைத்தேன். பரவலாக்கம் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. மின்னஞ்சலே அப்படிப்பட்டதுதான். 1982-இல் அதற்கு விதிமுறை எழுதியவர்கள் நடுவில் யாரையும் நாட்டாமையாக உட்கார வைக்கவில்லை. எந்த சர்வரும் எந்த சர்வருக்கும் கடிதம் அனுப்பலாம். ஏட்டில் இன்றைக்கும் அதே சட்டம்தான்.

நடப்பில் என்ன ஆனது? சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் வாசலான 25-ஆம் எண் போர்ட்டை வீட்டு இணைப்பில் அடைத்து வைத்திருந்தார்கள். இணையத்தில் நம் கம்ப்யூட்டரின் கதவிலக்கம் போன்றது ஐ.பி. முகவரி; அது மாறாமல் நிலையாக வேண்டுமென்றால் தனிக் கட்டணம். அந்த முகவரியை எங்கள் சர்வர் பெயரோடு இணைத்துப் பதிவு போடச் சொல்லி மூன்று மாதம் அலைந்தேன். கடிதம் போலி இல்லை என்று காட்ட எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று ஒவ்வொரு முத்திரையாகக் குத்திக்கொண்டேன். எல்லாம் முடிந்தபின், எங்கள் ஆட்களில் 40 பேர் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய மெயில் நிறுவனம் சுற்றறிக்கையை நேரே ஸ்பேம் என்ற குப்பைக் கடிதப் பெட்டியில் தள்ளியது. காரணம் கேட்டுப் படிவம் நிரப்பினேன். பரிசீலித்தோம், மாற்றமில்லை என்று இயந்திரம் பதில் போட்டது. எங்கள் இலாகாவில் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் மேசைக்குப் பின்னால் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருப்பார்.

"தாத்தா, அங்கேயே ஒரு அக்கவுண்ட் வாங்கி அனுப்பிடுங்களேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றான் பேரன்.

இந்த இடத்தில்தான் எனக்கு இவான் இல்லிச் நினைவு வந்தது. 1926-இல் வியன்னாவில் பிறந்து, பாதிரியாராகி, மெக்ஸிகோவில் ஒரு மையம் நடத்திக்கொண்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மோட்டார் கார் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தவர். 1991-இல் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தபோது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் எட்டு ரூபாய்க்கு அவர் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் படித்தேன்.

ஏகபோகத்தில் அவர் இரண்டு வகை சொல்கிறார். கடையில் ஒரே கம்பெனி சோடாதான் கிடைக்கிறது என்றால் அது சாதாரண வகை. பிடிக்காதவன் தண்ணீர் குடித்துக்கொள்வான். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது இன்னொரு வகை. எந்தக் கம்பெனியின் கார் என்பது அங்கே பொருட்டே இல்லை. ஊரே காருக்காக விரிந்துபோனதில் நடப்பவனுக்கு வழியில்லாமல் போயிற்று. கால் அவனுடையது. நடக்கக் கூடாது என்று சட்டமும் இல்லை. என் மெயில் சர்வரின் கதி இதேதான்.

வங்கி இல்லாமல் கம்ப்யூட்டர்களே கூடிக் கணக்கு வைக்கும் டிஜிட்டல் காசான பிட்காயினைப் புகழ்ந்து உங்கள் கட்டுரையாளர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். 2009 ஜனவரியில் அது தொடங்கியபோது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் புதுக் காசு தோண்டலாம் என்பது உண்மை. இன்று அதற்கென்றே செய்த இயந்திரங்கள் கொட்டகை கொட்டகையாக மின்சாரம் குடிக்கின்றன. 2014 ஜூனில், காசு தோண்டும் மொத்தக் கணிப்புத் திறனில் பாதிக்கு மேல் கொஞ்ச நேரம் ஒரே குழுமத்தின் கைக்கு வந்தது. ஒரு கருவி முதல் படி தாண்டும்போது உதவும், இரண்டாம் படியும் தாண்டினால் உதவியதைவிட அதிகமாகக் கெடுக்கும் என்பது இல்லிச்சின் கணக்கு. பிட்காயின் முதல் படி ஏறாமலே இரண்டாவதைத் தாண்டிவிட்டது என்பது என் கட்சி.

பிட்காயினைப் போலவே நடுவில் ஆள் இல்லாமல் பொதுப் பேரேட்டில் கணக்கு வைக்கும் எத்தீரியத்தின் கதை இன்னும் ருசியானது. நிரலே சட்டம், மனிதத் தலையீடு இல்லை என்று சொல்லி 2016-இல் 'தி டாவ்' என்ற பொது நிதியைத் திரட்டினார்கள். ஜூன் மாதம் ஒருவர் அந்த நிரலில் இருந்த ஓட்டை வழியாக எத்தீரியத்தின் காசான ஈதரில் 36 லட்சத்தை உருவிக்கொண்டார். நிரலே சட்டம் என்றால் அவர் செய்ததும் சட்டப்படி சரிதானே? இல்லையாம். ஜூலையில் பேரேட்டையே பிரித்து, திருட்டு நடக்காத மாதிரி திருத்தி எழுதினார்கள். ஒப்பாதவர்கள் பழைய பேரேட்டோடு தனியாகப் போனார்கள். பணத்தை மீட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை முடிவு செய்தவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகையோ, மனுக் கொடுக்க ஒரு ஜன்னலோ இல்லை.

இல்லிச்சையும் நான் அப்படியே விழுங்கவில்லை. நல்ல கருவிக்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று தொலைபேசி! காசைப் போட்டால் யாரும் யாரிடமும் எதையும் பேசலாம், என்ன பேசுவது என்பதை எந்த அதிகாரியும் தீர்மானிக்க முடியாது என்கிறார். படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். ஆனால் அவர் எங்கள் வரிசையில் நின்றவர் இல்லை. இணைப்புக்கு எழுதிப்போட்டு ஏழெட்டு வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஓ.ஒய்.டி. என்ற திட்டத்தில் முன்பணம் கட்டியவருக்கு ஒரு வரிசை, எம்.பி. சிபாரிசுக்கு ஒரு வரிசை, இரண்டும் இல்லாதவர் கடைசியில். ஒரு மளிகைக்காரருக்கு லைனைச் சீக்கிரம் மாற்றிக் கொடுத்ததற்காக ஒரு தீபாவளிக்கு நானே வேட்டி வாங்கியிருக்கிறேன். கருவியில் குற்றமில்லை, கருவிக்குப் போகும் வழியில் நாங்கள் குந்தியிருந்தோம். இன்று என் சர்வரின் வழியில் வேறு யாரோ குந்தியிருக்கிறார்கள்.

அதே இலாகாவில்தான், சி-டாட் என்ற நம் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் செய்த பெட்டியும் வந்தது. 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச். ஏ.சி. வேண்டாம், நம் ஊர் வெயிலையும் புழுதியையும் தாங்கும். ஒரு கார்டு போனால் நானே கழற்றி வேறு போட்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்புவேன். மையமா, பரவலா என்று அந்தப் பெட்டி என்னிடம் கேட்டதே இல்லை.

பல சிறு சர்வர்கள் சேர்ந்து நடக்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடான் போன்றவற்றைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. இருப்பதில் கொஞ்சம் மனுஷத்தனமானது அதுதான். ஆளை ஆள் அறிந்த சிறு சர்வர்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் பின்தொடர்பவர்களோடு இன்னொன்றுக்குக் குடிபோகலாம். ஆனால் எழுதியதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பழைய வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நடத்துகிறவர் வேலை மாறி, கைக்காசு தீர்ந்து, ஒரு நாள் சுவிட்சை அணைத்தால் அவ்வளவுதான். இதையெல்லாம் உங்கள் நிருபர் யாராவது விசாரித்து எழுதினால் நான் கத்தரித்து ஒட்டி வைப்பேன்.

பேரன் சொன்ன கணக்கை வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கினேன். 40 பேருக்கு அதில் போகிறது. மற்ற ஆறு பேருக்கு மட்டும் வீட்டு சர்வரிலிருந்து அனுப்புகிறேன். சீலிங் ஃபேனுக்குக் கீழே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தையும் செவ்வாய்க்கிழமை அதிலிருந்துதான் உங்களுக்கு அனுப்பினேன். ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். அகப்படாமல் போகலாம் என்றுதான் இந்தத் தபால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்,
திருவாரூர் மாவட்டம்