பிரிட்ஜ் பிய்ந்தது உன்னால் இல்லை, தாயி

அன்புள்ள தாயி,

போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, விடுங்கப்பா" என்று நீ முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது உன் கிட்டாரில் நரம்பைப் பிடித்து நிற்கிற கட்டை, அந்த பிரிட்ஜ், பிய்த்துக்கொண்டு வந்ததே, அது உன்னால் இல்லை. என்னால்.

மண்டபத்தில் ஒரு மாடியறையில் ஒரு தம்பி கிட்டார் சொல்லிக் கொடுக்கிறார், பின்னறையில் பழுது பார்க்கிறார், புதிதாகவும் செய்கிறார். மரத்தில் வத்தைப் படகு கட்டுகிற வேலை இப்போது வருவதில்லை, எல்லாரும் பைபர் படகுக்குப் போய்விட்டார்கள், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒட்டிப் பார்ப்போமே என்று பரணில் கிடந்ததை எடுத்துக்கொண்டு ஆடி மாதம் பாலத்தைத் தாண்டி அவரிடம் போனேன். திருப்பிப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "ஐயா, இதுல யாரு ஸ்டீல் கம்பி மாட்டினது?"

நான்தான் மாட்டினேன். நைலான் நரம்பு அறுந்துவிட்டது என்று நீ சொன்னாய், மதுரைக்குப் போனபோது 'சீக்கிரம் அறாததா, நல்ல உறுதியா' என்று கேட்டு வாங்கி வந்து நானே முறுக்கினேன். உன்னுடையது கிளாசிக்கல் கிட்டார். ஆறு நைலான் நரம்பும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ, ஸ்டீல் கம்பி என்றால் 70 கிலோவைத் தாண்டிவிடும். இதில் பிரிட்ஜ் மெல்லிய பலகைமேல் வெறும் பசையில் நிற்கிறது. ஒரு வாரம் தாங்கியதே பெரிது.

நாற்பது வருஷம் படகு கட்டுகிற ஓடாவி வேலை பார்த்தவன் நான். எந்தக் கட்டை எவ்வளவு இழுவை தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவேன். அன்றைக்கு அதை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்காமல் திட்டினேன். கோயில் பாட்டுக்குழுப் பிள்ளைகள் வாசலில் நிற்கும்போதே திட்டினேன். "நான் ஒண்ணும் செய்யலப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், அப்புறம் அதைத் தொடவே இல்லை, பாட்டுக்குழுவுக்கும் போகவில்லை. என்னை மன்னித்துக்கொள் தாயி.

அந்தக் கிட்டார் இப்போது சரியாகிவிட்டது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, நைலான் போட்டாயிற்று. கையில் வைத்துப் பார்த்தால் நாம் வலைக்கு வாங்குகிற தங்கூசி நைலான் இழைதான். முன்னே ஆட்டுக்குடலைத் திரித்துத்தான் நரம்பு செய்தார்களாம், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது கிடைக்காமல் போகவே 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் செய்து பார்த்தாராம்.

வாசிக்கவும் கற்றுக்கொள்கிறேன். வாரம் இரண்டு நாள். இடது காலைச் சின்னப் பலகைமேல் தூக்கி வைத்து, கிட்டாரை இடது தொடையில் சாய்த்து உட்கார வேண்டும். வலது கையில் நகம் வளர்க்கச் சொன்னார், உளி பிடித்த கையில் நகம் எங்கே வளர்கிறது, பெருவிரலில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. கட்டைவிரலும் அடுத்த மூன்று விரலும் மாறி மாறித் தட்ட வேண்டும், மோதிரவிரல் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது பின்னறைதான். உனக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.

முதுகுக்கும் பக்கத்துக்கும் ஈட்டிப் பலகை, மேலே ஸ்ப்ரூஸ் மரம். பக்கப் பலகையை இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்து, நனைத்து, சூடான குழாயில் வைத்து வளைக்க வேண்டும். வத்தைக்குப் பலகை வளைக்கிற அதே அறிவுதான், அதில் நான் தடுமாறவில்லை. தடுமாறியது உள்சட்டத்தில். மேல்பலகைக்கு அடியில் விசிறி மாதிரி ஏழு மெல்லிய சட்டம் ஒட்ட வேண்டும். நான் படகின் விலாச்சட்டமான வங்குக்கால் வைக்கிற நினைப்பில் மாதிரிப் பலகையில் கனமாக ஒட்டிவிட்டேன். மாஸ்டர் விரலால் தட்டினார், மீன்பெட்டியைத் தட்டின மாதிரி செத்த சத்தம். படகில் வங்கு பலகையை அசையவிடாமல் பிடிக்க வேண்டும், இங்கே சட்டம் தாங்கவும் வேண்டும், அசையவும் விட வேண்டும். இரண்டு நாள் இழைத்து இழைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் பலகை பதில் சொல்ல ஆரம்பித்தது பார், அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

இந்த ஏழு சட்ட முறையை நிலைநிறுத்தியவர் ஸ்பெயினில் அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ், 1817இல் பிறந்தவர், அவரும் முதலில் தச்சர்தான். மேல்பலகைதான் முக்கியம் என்று காட்டுவதற்காக 1862இல் முதுகையும் பக்கத்தையும் அட்டையிலேயே செய்து ஒரு கிட்டார் கட்டினாராம். பெரிய மனிதர்.

உன் கிட்டாரின் சட்டங்களை இன்னும் ஒட்டவில்லை. நம் கடல்காற்றின் ஈரத்தில் பலகை ஊதியிருக்கும்போது ஒட்டினால், நீ பெங்களூருக்குக் கொண்டுபோனதும் காய்ந்து சுருங்கி வெடித்துவிடும். காற்றில் ஈரம் 45, 50 சதவீதம் இருக்கும்போது ஒட்டினால்தான் நல்லது. இப்போது வாடை ஆரம்பித்துவிட்டது, மழை முடியட்டும். மாஸ்டர் ஈரம் இழுக்கிற மெஷின் ஒன்று வாங்கப் போகிறார், அதை வைத்து அறையைச் சாத்தி ஒட்டலாம் என்றிருக்கிறோம்.

அதற்குள் நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். நரம்பின் நீளம் சாதாரணமாக 650 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் பிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கிற முதல் கம்பி, 36.5 மில்லிமீட்டரில் வரும், மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது, இப்படியே போனால் பன்னிரண்டாவது பிரெட் மிகச் சரியாகப் பாதியில், 325இல் வந்து நிற்கும். உன் கை உன் அம்மா கை மாதிரிச் சின்னது என்று எனக்கு ஞாபகம். 640 வைத்தால் விரல் எட்டுவது சுலபம் என்கிறார் மாஸ்டர். நான் கடைசியாக உன் கையைக் கவனித்துப் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரு வெள்ளைத்தாளில் இடது கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்பு. போட்டோ வேண்டாம், அளவு மாறிவிடும்.

அப்பா
தங்கச்சிமடம்